மகளுக்கு 4-எச் கண்காட்சி மாடு: ஸ்டியரா, கிடாரியா? எப்படித் தொடங்குவது?

டெமாய்ன்_அப்பா கேட்டது:

வணக்கம். நாங்கள் இருப்பது ஐயோவாவில். மகள் ஐந்தாம் வகுப்பு. 4-எச் என்ற பிள்ளைகள் சங்கத்தில் சேர்ந்திருக்கிறாள். அடுத்த ஜூலை 15 வாக்கில் வரும் கவுண்டி (மாவட்ட) கண்காட்சியில் இறைச்சி மாடு வளர்த்துக் காட்ட வேண்டும் என்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் கொட்டகையில் ஒரு பக்கமும் சின்னப் பட்டி ஒன்றும் தரச் சம்மதித்திருக்கிறார். எனக்கு ஊரில் பால்மாடு பார்த்த பழக்கம் உண்டு. இறைச்சி மாடு முற்றிலும் புதிது.

எத்தனை பவுண்டில் கன்று வாங்குவது? தீவனம் நாளுக்கு எவ்வளவு? மகள் 80 பவுண்டு, கன்று 600 பவுண்டு. மூக்கணாங்கயிறும் இல்லாமல் இவள் எப்படி அதைப் பிடிப்பாள்? இன்னொன்று, கண்காட்சி முடிந்ததும் ஸ்டியர், அதாவது காயடித்த காளைக்கன்று, வெட்டுக்குப் போய்விடும் என்கிறார்கள். மாட்டுப் பொங்கலுக்குப் படையல் போடும் வீடு எங்களுடையது. என் அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. வேறு வழி உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

தீவனக்கணக்கு:

கன்றைப் பார்க்கக் கிளம்பும் முன் காலண்டரை எடுத்து நாளை எண்ணுங்கள். நவம்பர் 1 முதல் ஜூலை 15 வரை 256 நாள். நடுத்தர உடம்புள்ள ஸ்டியர் தேறி நிற்கும்போது 1,300 முதல் 1,400 பவுண்டு இருக்கும். 1,350 என்று வைத்துக்கொள்வோம். 600 பவுண்டில் வாங்கினால் 750 பவுண்டு ஏற வேண்டும், நாளுக்கு 2.9. நல்ல கன்றுக்கு இது எட்டும் கணக்கு. விலை குறைவு என்று 450 பவுண்டுக் கன்றைப் பிடித்தால் நாளுக்கு 3.5 ஏற வேண்டும். முதல் வருடக்காரர் மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டி வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. 750 பவுண்டுக் கன்றுக்கு 2.3 போதும், ஆனால் அந்த உடம்பை உங்கள் மகள் புதிதாகப் பழக்க முடியாது. ஆகவே 575 முதல் 650 வரைக்குள் தேடுங்கள்.

ஊரில் சுழி பார்ப்போம், இங்கே யாரும் பார்ப்பதில்லை. நடையைப் பாருங்கள். முன்கால் பதிந்த தடத்திலேயே பின்கால் வந்து விழ வேண்டும். முதுகுக்கோடு திமிலடியிலிருந்து வால் அடிவரை நேராக இருக்கட்டும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு முன்கால்களுக்கு நடுவே நெஞ்சு அகன்று இருக்கட்டும். காயடிப்பு முழுமையாக நடந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு விதை தங்கிப்போனாலும், காலம் கடந்து காயடித்தாலும் கழுத்து காளை மாதிரி திரண்டுவிடும், நடுவர் அதைக் குறையாகவே எடுப்பார். தாயிடமிருந்து பிரித்து 45 நாளாவது ஆகியிருக்கட்டும். சுவாச நோய்த் தடுப்பூசியும் ஏழு வகைக் குளோஸ்ட்ரிடியத் தடுப்பூசியும் போட்ட தேதிகளை எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் குணம். பட்டிக்குள் நீங்கள் இறங்கியதும் தலையைத் தூக்கி முறைத்துக்கொண்டு வேலியில் போய் மோதும் கன்றை, உடம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சிறு பெண் கையில் கொடுக்கப் போகிறோம்.

தீவனத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மூன்று நாள் நல்ல உலர்புல்லும் தண்ணீரும் மட்டும். பிறகு அடர்தீவனம் (மக்காச்சோளம் போன்ற தானியக் கலவை) உடல் எடையில் 1 சதவீதம், 600 பவுண்டுக்கு 6 பவுண்டு, காலை மூன்று மாலை மூன்று. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு பவுண்டு ஏற்றி 2 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்று 1,000 பவுண்டைத் தொடும்போது 20 பவுண்டு அடர்தீவனமும் 5 பவுண்டு புல்லும் தின்னும். தொடக்கத்தில் புரதம் 13-14 சதவீதம், கடைசி மூன்று மாதம் 11-12 போதும். ஒரு பவுண்டு எடை ஏற ஆறரை, ஏழு பவுண்டு தீவனம் பிடிக்கும். மொத்தமாக 5,000 பவுண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 50 பவுண்டு மூட்டையில் நூறு மூட்டை! சில்லறையாக வாங்காமல் தீவன மில்லில் மொத்தமாகக் கலக்கச் சொல்வது நல்லது.

தீவனத்தைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், டப்பாவால் அளக்காதீர்கள். ஒரு புஷல் (தானியம் அளக்கும் கொள்ளளவு) மக்காச்சோளம் 56 பவுண்டு. ஓட்ஸ் 32 தான். மில்லில் கலவை மாறிய வாரம் அதே டப்பா அளவில் போட்டால் கன்றின் வயிற்றுக்குப் போகும் மாவுச்சத்து சொல்லாமல் கொள்ளாமல் கூடிவிடும். அதில்தான் இரைப்பை புளிக்கும். அடையாளம் சாணியில் தெரியும்: சாம்பல் நிறமாக, தண்ணியாக, நுரை கட்டி, புளித்த மாவு வாடையோடு இருக்கும். தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும். உடனே அடர்தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். இடப்பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள குழி பந்து மாதிரி எழும்பினால் அது உப்புசம். அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஒரு வேளை தீவனம் தவறினால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. தவறியது தவறியதுதான், வழக்கமான அளவை மட்டும் போடுங்கள்.

மக்காச்சோளத்தில் பாஸ்பரஸ் உண்டு, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. சரிக்கட்டாவிட்டால் ஸ்டியருக்கு மூத்திரத்தில் கல் கட்டும். காயடித்த கன்றுக்கு மூத்திரக்குழாய் குறுகல், அடைத்தால் உயிர்ப் பிரச்சினை. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறதா என்று மில்லில் கேளுங்கள். கல்லுப்பு எப்போதும் முன்னால் இருக்கட்டும், தண்ணீர் உறையக் கூடாது. ஜனவரியில் தொட்டியில் ஹீட்டர் இல்லையென்றால் கன்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும், தீவனமும் கூடவே குறையும்.

பண்ணைக்காரரிடம் குதிரை இருக்கிறதா? இருந்தால் இதை மகளுக்கும் சொல்லிவையுங்கள். மொனென்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத்தீவனம் குதிரைக்கு விஷம், சிறிதளவே கொன்றுவிடும். மூட்டையைத் தனியாக மூடி வையுங்கள்.

---

கட்டுத்தறி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பிடிப்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

மூக்கணாங்கயிறு இல்லாத இடத்தில் பலத்தால் எதுவும் நடக்காது. 600 பவுண்டை யாராலும் இழுக்க முடியாது. கன்று தன் பலத்தை உணரும் முன்பே, இழுத்தால் கயிறு இறுகும், தளர்ந்தால் கயிறும் தளரும் என்று அதற்குப் பதிய வேண்டும். வந்து ஒரு வாரம் அது தின்று, இடம் பழகட்டும். மகள் தினமும் பட்டிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரட்டும், அது தானாக முகர வரும்.

பிறகு கயிற்று ஹால்டர், அதாவது தலையில் மாட்டும் கயிறு. மூக்குப்பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, மூக்கெலும்பின் மேல் இருக்க வேண்டும். நாசிக்குப் பக்கத்தில் சரிந்தால் மூச்சடைக்கும். இழுகயிறு தாடைக்கு அடியில் சென்று கன்றின் இடப்பக்கமாக வெளியே வர வேண்டும். புதியவர்கள் தலைகீழாக மாட்டுவது இந்த இடத்தில்தான். வலப்பக்கம் வந்தால் கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.

சிலர் இரண்டு மூன்று நாள் கயிறு தரையில் இழுபட விடுவார்கள். கன்று தானே மிதித்துத் தானே நின்று பழகும். சின்னப் பட்டியில், சிக்கிக்கொள்ள எதுவும் இல்லாமல், ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யலாம். இரவில் கழற்றிவிடுங்கள். ஹால்டரோடேயே விட்டால் தாடைக்கு அடியில் புண் வெட்டிவிடும்.

அடுத்தது கட்டுவது. ஊன்றிய கனமான கம்பத்தில், தலை இயல்பாக நிற்கும் உயரத்தில், ஒன்றரை அடிக் கயிறு விட்டுக் கட்டுங்கள். கயிறு நீளமாக இருந்தால் காலைப் போட்டுச் சிக்கிக்கொள்ளும். கேட்டிலோ கழற்றி மாட்டும் வேலித் தட்டியிலோ ஒருநாளும் கட்டாதீர்கள். கன்று பின்னால் சாய்ந்தால் தட்டி பிடுங்கிக்கொண்டு வரும். துரத்தும் தட்டியைக் கண்டு அது ஓட ஓட, அந்தப் பயம் வருடம் முழுக்கத் தீராது. முதல் நாள் அரை மணி நேரம். குதிக்கும், படுத்துக்கொள்ளும், கத்தும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தளர்ந்து நின்ற பிறகே அவிழ்க்கலாம், போராடும்போது அவிழ்த்தால் போராடினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். படிப்படியாக இரண்டு மணி நேரம் வரை ஏற்றலாம். கட்டியிருக்கும்போதே மகள் துலக்கட்டும்: முதலில் முதுகு, பிறகு வயிறு, கடைசியாகக் கால்.

நடத்துவதற்கு ஒரு எளிய வழி உண்டு. கட்டி வைத்திருந்து, தாகம் வந்ததும், தண்ணீர்த் தொட்டிக்கு நடத்துங்கள். போக விரும்பும் இடத்துக்கு அது தானாக நடக்கும். நின்றுவிட்டால் நேராக முன்னால் இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் தலையைத் திருப்பினால் கால் தானாக எடுத்து வைக்கும். ஓரடி வைத்ததும் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்த வேண்டும். கன்றுக்குக் கூலி அந்தத் தளர்வுதான்.

கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, ஒருமுறைகூட. மடிப்பாகப் பிடிக்கலாம். முதல் ஒரு மாதம் மகளோடு பெரியவர் இன்னொரு கயிறு பிடித்து நடக்கட்டும். ஒருமுறை கையை விட்டு ஓடிய கன்று, அடுத்த முறையும் முயன்று பார்க்கும்.

---

கிடாரிக்_கொட்டகை:

உங்கள் அம்மாவின் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஸ்டியர் வகுப்பு இறைச்சிக்கானது. பல கண்காட்சிகளில் அது இறுதி வகுப்பு: நடுவர் பார்க்கும் காட்சி வளையத்துக்குள் நுழைந்த கன்று வீட்டுக்குத் திரும்பாது, லாரி ஏறிவிடும். சில கவுண்டிகளில் விதி வேறு. உங்கள் கவுண்டியில் இருக்கும் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகத்தில் கேளுங்கள், கன்று வாங்கும் முன்பே கேளுங்கள். பிறகு மகளிடம் மறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பெயர் வைத்து, ஒன்பது மாதம் குளிப்பாட்டிய பிறகு ஜூலை மாதம் அவள் முதன்முறையாக இதைக் கேள்விப்படக் கூடாது. அது குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

மாற்றுவழி உண்டு. இனப்பெருக்கக் கிடாரி வகுப்பு. அதே ஹால்டர், அதே துலக்கல், அதே வளையம். காட்டிவிட்டுக் கிடாரி வீட்டுக்கு வரும். 14, 15 மாதத்தில், முழு வளர்ச்சி எடையில் 60-65 சதவீதம் வந்ததும் சினைக்கு விடலாம். முழு வளர்ச்சியில் 1,300 பவுண்டு வரும் இனமென்றால் 780-845 பவுண்டு. சினைக்காலம் 283 நாள், இரண்டு வயதில் முதல் ஈற்று. மறுவருடம் மகள் தாயையும் கன்றையும் சேர்த்துக் காட்டலாம். உங்கள் வீட்டுக்கு இதையே சொல்வேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். கிடாரி போடும் காளைக்கன்றுகள் என்றோ ஒருநாள் விற்கப்படும், கிடாரியும் வயதானால் விற்கப்படும். இது இறைச்சி இனம். பாட்டியிடம் இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

தீவனம் ஸ்டியரைப் போல அல்ல. உடல் எடையை நாளுக்கு ஒன்றரை, இரண்டு பவுண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். கொழுத்த கிடாரியின் மடியில் பால் திசுவுக்குப் பதில் கொழுப்பு சேரும், பிற்பாடு கன்றுக்குப் பால் போதாது. சினை பிடிப்பதும் தள்ளும். தாராளமாகப் புல், கூடவே எடையில் 1 சதவீதம் அடர்தீவனம், தாது உப்பு, இவை போதும்.

பதிவுபெற்ற இனமானால், ஆங்கஸ், ஹியர்ஃபோர்ட், ஷார்ட்ஹார்ன், சிம்மென்டல் எதுவாயினும், பதிவுத்தாள் மகள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். காதில் பச்சை குத்திய எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும் அன்றே காதை விரித்து, மயிரைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கண்காட்சி வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புருசெல்லோசிஸ் (கன்று வீச்சு நோய்) தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதைக் கிடாரிக்கு 4 முதல் 12 மாத வயதுக்குள்தான் போட முடியும், தவறவிட்டால் பிறகு வழியில்லை.

தெற்கே டெக்சஸ் பக்கம் இருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால்: அங்கே வளையத்தில் திமிலோடு நிற்கும் பிராமன் மாட்டைப் பார்க்கலாம். ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் வழியில் அமெரிக்காவில் உருவாக்கிய இனம், வெயில் தாங்கும். ஐயோவா பனிக்கு ஆங்கஸ், ஹியர்ஃபோர்ட்தான் தோது.

மருந்து விஷயம் ஸ்டியருக்கு மிக முக்கியம். ஊசி எப்போதும் தோளுக்கு முன்னால், கழுத்தில். பின்தொடையில் போட்டால் விலையுள்ள இறைச்சியில் தழும்பு விழும். ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் விலகல் நாள் உண்டு, அதாவது மருந்து கொடுத்த பிறகு வெட்டுக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள். முதுகில் ஊற்றும் புழுமருந்தான ஐவர்மெக்டினுக்கு 48 நாள். ஜூலை 15க்குப் பின்னோக்கி எண்ணினால் மே 28க்குப் பிறகு ஊற்றக் கூடாது. தேதி, மருந்து, அளவு, போட்ட இடம் எல்லாம் மகளின் நோட்டில் அவள் கையாலேயே எழுதட்டும். 4-எச் பிள்ளைகளுக்கான ஒய்.கியூ.சி.ஏ. பயிற்சியில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பனிக்காலத்தில் எடை போட்டுக் காதுவில்லை மாட்டும் நாள் ஒன்று வரும், அது போனால் அந்த வருடம் போனது.

---

புல்வெளி:

மயிரைப் பற்றிச் சுருக்கமாக. தினமும் வெறும் தண்ணீரில் அலசுங்கள், சோப்பு வாரம் ஒன்றிரண்டு முறை போதும், கூடினால் மயிர் வறண்டு ஒடியும். ஈரம் தானாகக் காயவிடாமல் புளோயரால் (காற்றூதும் கருவி) உலர்த்தி, முன்னும் மேலுமாகச் சீவ வேண்டும். புளோயரைப் பின்கால் அடியிலிருந்து தொடங்கி நாள்கணக்கில் மேலே கொண்டுவாருங்கள். காதுப்பக்கம் காற்று போகக் கூடாது. ஈரத்தரையில் மின்சாரம் என்பதால் கசிவு கண்டால் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் இல்லாமல் மகளை அந்த வேலைக்கு விடாதீர்கள். கோடையில் பகல் நேரம் நிழலும் மின்விசிறியும். வெயிலில் நின்றால் கறுப்பு மயிர் செம்பட்டையாகும், உதிரவும் செய்யும்.

கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் வட்டமாகச் சாம்பல் பொருக்கு தெரிந்தால் அது படர்தாமரை. குழந்தைக்கும் ஒட்டும், கண்காட்சி வாசலில் மருத்துவர் கன்றைத் திருப்பியும் அனுப்புவார். ஆற மாதங்கள் ஆகலாம், ஆகவே ஏப்ரலிலேயே கவனியுங்கள். அடுத்தவர் பிரஷை இரவல் வாங்க வேண்டாம்.

வளையத்துக்குள்: நடத்தும்போது இழுகயிறு வலக்கையில், காட்சிக்கோல் இடக்கையில். நின்றதும் கன்றைப் பார்த்துத் திரும்பி கை மாற்ற வேண்டும். கயிறு இடக்கை, கோல் வலக்கை. காலை முன்னால் கொண்டுவர, கோலின் கொக்கியைப் பின்பக்கச் சிறுகுளம்புக்குக் கீழே போட்டு மெல்ல இழுக்க வேண்டும். பின்னால் தள்ள, இரட்டைக் குளம்பின் நடுப்பிளவில் கோல் முனையால் அழுத்த வேண்டும், குத்தக் கூடாது. பின்கால் இரண்டும் நடுவருக்குத் தெரியும்படி ஒன்று அரைக்குளம்பு தள்ளி நிற்கட்டும். நின்ற பிறகு வயிற்றடியில் கோலால் சொறிந்துகொண்டே இருந்தால் கன்று கண்ணை மூடிக்கொள்ளும். இது கடைசி மாதத்தில் வருவதில்லை, பிப்ரவரியிலிருந்து தினம் பத்து நிமிடம் பழக வேண்டும். முன்னால் போகும் மாட்டுக்கும் நமக்கும் ஒரு மாட்டு நீளம் இடைவெளி இருக்கட்டும்.

ஷோமேன்ஷிப் வகுப்பில் மாட்டைவிடப் பிள்ளையைத்தான் நடுவர் பார்க்கிறார். கன்று பிறந்த தேதி, இப்போதைய எடை, தீவனத்தின் புரதம் கேட்டால் மகள் யோசிக்காமல் சொல்ல வேண்டும்.

---

டெமாய்ன்_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசினேன், மகளும் சம்மதித்தாள், கிடாரிதான். இரண்டு சந்தேகம். தராசு இல்லாமல் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பத்தில் எந்த முடிச்சு?

---

தீவனக்கணக்கு:

டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்புட்டத்து எலும்புமுனை வரை நீளம் எடுத்து அதனோடு பெருக்கி 300 ஆல் வகுத்தால் பவுண்டு. சுற்று 68, நீளம் 56 என்றால் 863 பவுண்டு. காலையில், தீவனத்துக்கு முன், கன்று நான்கு காலும் சமமாக நிற்கும்போது அளங்கள். மாதம் இரண்டு முறை ஒரே ஆள் அளப்பது நல்லது.

---

கட்டுத்தறி:

இழுத்தால் அவிழும் முடிச்சு மட்டும். கயிற்றுநுனியைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கன்றிடமிருந்து வரும் கயிற்றின் மேல் நுனிக்கயிற்றால் ஒரு வளையம் போடுங்கள். நுனியை முழுவதும் நுழைக்காமல் மடித்து, அந்த மடிப்பை மட்டும் கன்றுக்கயிற்றின் அடியால் கொண்டுவந்து வளையத்துக்குள் விடுங்கள். முடிச்சைக் கம்பத்தோடு ஒட்டி இறுக்குங்கள். வளையத்துக்குள் விரல் இருக்கும்போது கன்று இழுத்தால் விரல் போய்விடும், எனவே மடிப்பைத் தள்ளும் விரலை உடனே எடுக்க மகளுக்குப் பழக்குங்கள். முதலில் கன்று இல்லாமல் வெறும் கம்பத்தில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். கட்டியதும் தொங்கும் நுனியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் அவிழவில்லையென்றால் நுனி முழுவதும் உள்ளே போயிருக்கிறது, பிரித்துத் திரும்பக் கட்டுங்கள்.